“கட்டை போட்டியாடா?” – நிற்கிற வண்டியும் ஆளைக் கொல்லும்!

கணியம்பாடி –

ஓடுகிற வண்டிதான் ஆளை அடிக்கும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு! நிற்கிற வண்டியும் அடிக்கும். சரியாக நிறுத்தாத வண்டி, ஓடுகிற வண்டியை விட மோசம். ஏனென்றால் அதன் ஸ்டீயரிங்கில் ஆள் இருக்காது.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் போனால் கணியம்பாடி. அங்கே இருந்து மலைப் பக்கம் திரும்பினால் அமிர்தி. மிருகக் காட்சி சாலை, காடு, அருவி. அதற்கு மேலே ஜவ்வாது மலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன், டெம்போ, டூரிஸ்ட் பஸ், கார் என்று வரிசையாக வந்து நிற்கும். பவுர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணாமலையார் கிரிவலத்துக்குப் போகிற கூட்டமும் இந்த ரோட்டில்தான்.

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வண்டியை ஓரம் கட்டுவார்கள். பாயை விரிப்பார்கள். அடுப்பைப் பற்ற வைப்பார்கள். புளிச்சோறு, டீ, குழந்தைக்குப் பால், கிழவிக்கு வெந்நீர்... எல்லாம் வண்டி நிழலில்தான்.

வெள்ளைக்காரன் ஊரில் இதற்கென்றே வீடு மாதிரி வண்டி வைத்திருக்கிறான். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. நம் ஊரில் ‘கேரவன்’ என்றால் ஷூட்டிங்கில் நடிகை மேக்கப் போடுகிற வண்டிதான் ஞாபகம் வரும். ஆனால் நம்ம டூர் வேனும் ஒரு வகையில் கேரவன்தான்! சமையல், தூக்கம், சண்டை எல்லாம் அதில்தானே நடக்கிறது?

பால் காட்டிக் கொடுத்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணியம்பாடி தாண்டி மலை ரோட்டில் நான் பார்த்தது இது.

செம்மண் மேட்டில் ஒரு வேன் நின்றது. முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே, இடது பக்கம் பள்ளம். உள்ளேயே காஸ் அடுப்பை வைத்து ஒரு பாட்டி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஏம்பா டிரைவரு, பாலு ஒரு பக்கமாவே பொங்குதே, இன்னாபா இது?” என்று பாட்டி கத்தினார்.

டிரைவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. “டேய் தம்பி! கட்டை போட்டியாடா?”

கிளீனர் பையன் தலையைச் சொறிந்தான். “கல்லு வெச்சேண்ணே...”

வைத்த கல் தேங்காய் சைசில் உருண்டைக் கல். டயர் அதன் மேல் அரை அங்குலம் ஏறி உட்கார்ந்திருந்தது! இன்னும் ஒரு ஆள் உள்ளே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேனுக்குப் பின்னால்தான் நாலு குழந்தைகள் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளை எழுப்பி அந்தப் பக்கம் விரட்டினார்கள். டிரைவர் இரண்டு ஆப்புக் கட்டையைத் தட்டி இறக்கினார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பக்கத்திலேயே நடந்த பயங்கரம்

எல்லா இடத்திலும் அப்படி நல்லவேளை இருப்பதில்லை.

2023 செப்டம்பர் 11. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, பெங்களூர் – சென்னை நெடுஞ்சாலை. டூர் முடிந்து ஊர் திரும்பிய வேன் பஞ்சர் ஆகி நின்றது. விடியாத நேரம். உள்ளே இருந்தவர்கள் இறங்கி, வேனுக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் முன்னால் பாய்ந்தது. 7 பெண்கள் பலி!

இதில் கட்டை போட்டிருந்தாலும் அந்த மோதலுக்கு வேன் நின்றிருக்காது. ஆனால் ஒன்று தெரிகிறது அல்லவா? நிற்கிற வண்டிக்கு முன்னாலும் உட்காரக் கூடாது, பின்னாலும் உட்காரக் கூடாது. மேட்டுப் பக்கம் தள்ளி, பக்கவாட்டில்தான் உட்காரவேண்டும். பாய் விரிக்கிற விஷயத்தில் நம் ஜனங்கள் இதைப் பார்ப்பதே இல்லை. நிழல் எங்கே என்றுதான் பார்க்கிறார்கள்.

அதற்கு முன்னால் 2022 ஏப்ரல் 2. யுகாதி நாள். இதே ஜவ்வாது மலையில், புதூர்நாடு பக்கம் செம்பரை மலைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். மலை ரோடு யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

ஹேண்ட் பிரேக் இருக்கே?

“ஹேண்ட் பிரேக் போட்டாச்சு சார், அப்புறம் எதுக்குக் கட்டை?” இதுதான் எல்லா டிரைவரும் கேட்கிற கேள்வி.

பதில் இதோ. பெரும்பாலான வேனிலும் லாரியிலும் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும்தான். முன் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இப்போது பின் டயர் பஞ்சர் என்று வையுங்கள். ஜாக்கி போட்டு அந்த டயரைத் தரையிலிருந்து தூக்குகிறீர்கள். பிரேக் பிடித்த சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது! தரையில் மிச்சம் இருப்பது என்ன? சுதந்திரமாக உருளும் இரண்டு முன் சக்கரம், பாதி பாரம் போன ஒரு பின் சக்கரம். சரிவில் வண்டி நகர இதுக்கு மேல் என்ன வேண்டும்? ஜாக்கி சாயும், வண்டி கீழே உட்காரும். அடியில் ஆள் இருந்தால் கதை முடிந்தது.

மெக்கானிக்குகள் அதனால்தான் முதலில் கட்டை, அப்புறம் ஜாக்கி என்பார்கள். வண்டி முகம் மேட்டைப் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட் கியர். பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். ரோட்டோரம் என்றால் முன் சக்கரத்தை ஓரமாக ஒடித்து வைக்க வேண்டும். நகர்ந்தாலும் நடு ரோட்டுக்குப் போகாமல் ஓரத்தில் இடித்து நிற்கும்.

கட்டை என்றால் முக்கோண ஆப்பு. உருண்டைக் கல் கிடையாது! ஆப்பு டயருக்கு அடியில் நுழைந்து இறுகும். உருண்டைக் கல் தானே உருளும், இல்லையென்றால் டயர் அதன் மேல் ஏறிவிடும். வைக்கவேண்டியது பள்ளத்துப் பக்கம். இரண்டு பக்கமும் வைத்தால் இன்னும் நல்லது.

இதில் நம்மை விட நம் பாட்டன் கெட்டிக்காரன். தேர் இழுக்கிற ஊரில் போய்ப் பாருங்கள். அத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டைக்காரர்கள்தான். சக்கரம் உருண்டு வரும்போதே குனிந்து கட்டையைச் செருகி எடுக்கிறார்களே, அது சாமானிய வேலையா? திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையின் ஹைட்ராலிக் பிரேக்கே வந்துவிட்டது. அதற்காக முட்டுக்கட்டையை யாரும் வீட்டில் போட்டுவிட்டு வரவில்லை.

கல்லை எடுக்காத பாவி!

நடுவில் ஒரு வயிற்றெரிச்சல். சொல்லாமல் விட மனசில்லை.

மேட்டில் லாரி நிற்கிறது. கிளீனர் பெரிய கல்லாக இரண்டு தூக்கி வந்து டயருக்குப் பின்னால் வைக்கிறான். ரிப்பேர் முடிகிறது. வண்டி கிளம்புகிறது. கல்? அங்கேயே கிடக்கிறது! ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வருகிறவனுக்கு அந்தக் கல் தெரியுமா? இறங்குகிற ரோட்டில் முன் சக்கரம் கல்லில் ஏறினால் ஆள் எங்கே போய் விழுவான்?

ஆஸ்பத்திரி வாசலில் நின்று செய்தி எடுக்கிற வேலை என்னுடையது. ‘ரோட்டில் கிடந்த கல் மேல் ஏறி’ என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. மரக் கட்டை என்றால் காசு போட்டு வாங்கினது. அதனால் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போவான். கல் ஓசி! அதனால் விட்டுவிட்டுப் போகிறான். இதற்காகவாவது எல்லா வண்டியிலும் கட்டை இருக்க வேண்டும்.

எலுமிச்சம்பழ லெவல்

சரி, வண்டி நகராமல் நின்றுவிட்டது. ராத்திரி உள்ளேயே படுக்கப் போகிறீர்கள். அப்போது வண்டி மட்டமாக இருக்கவேண்டும். சாய்ந்த கட்டிலில் படுத்தால் ரத்தம் தலைக்கு ஏறின மாதிரி இருக்கும், காலையில் கழுத்து திரும்பாது. சாம்பார்ச் சட்டி அடுப்பிலிருந்து வழுக்கும். கதவு தானாகத் திறக்கும், இல்லையென்றால் திறக்கவே திறக்காது.

மட்டம் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று போதும். அதுவும் இல்லையா? எல்லா டிரைவரிடமும் எலுமிச்சம்பழம் இருக்குமே! வண்டிக்குள் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் தெரியும். செல்போனிலும் இப்போது மட்டம் காட்டுகிறது.

எத்தனை உயரம் கொடுக்கவேண்டும்? இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. இரண்டு அடி நீள ரசமட்டத்தை வண்டித் தரையில் குறுக்கே வையுங்கள். பள்ளத்துப் பக்கத்து முனையைத் தூக்குங்கள். குமிழி நடுவில் வந்ததும் முனைக்குக் கீழே எத்தனை அங்குலம் இடைவெளி என்று பாருங்கள். ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் ஆறு அடி என்றால், இரண்டு அடியைப் போல மூணு மடங்கு. ஆகவே மூணு அங்குலம் பலகை. அவ்வளவுதான்!

பலகையைப் பள்ளத்துப் பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டு, வண்டியை மெதுவாக அதன் மேல் ஓட்டி ஏற்றவேண்டும். முதலில் இடது வலது. அது சரியான பிறகு முன் பின். பின்பக்கம் இரட்டை டயர் இருக்கிற வண்டி என்றால் பலகை இரண்டு டயருக்கும் சேர்த்து அகலமாக இருக்கணும். ஒரு டயர் பலகையிலும் ஒரு டயர் அந்தரத்திலும் நின்றால், பாரம் முழுக்க ஒரு டயரில் இறங்கி வெடிக்கப் பார்க்கும். ஏறி நின்றதும் மறுபடியும் கட்டை. பலகை மேல் நிற்கிற வண்டி வழுக்கினால் தரையில் நிற்கிற வண்டியை விட வேகமாக வரும்.

“ஜாக்கி போட்டே தூக்கிடலாமே?” கூடாது! ஜாக்கி வண்டி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்க மட்டும்தான். தூக்கி நிறுத்த இல்லை. ஏன் என்று மேலேயே சொல்லியாயிற்று.

போர் வண்டிக்காரரிடம் கேளுங்கள்

மட்டம் என்றால் என்ன என்பதைப் போர்வெல் வண்டிக்காரர்களிடம்தான் கற்கவேண்டும். வேலூர் பக்கம் போர் போடாத ஊர் உண்டா? திருச்செங்கோட்டு வண்டிகள் வந்து நின்றதும் முதல் வேலை என்ன தெரியுமா? துளை போடுவது இல்லை. ஹைட்ராலிக் கால்களை இறக்கி வண்டியை மட்டம் பார்ப்பது. வண்டி கொஞ்சம் சாய்ந்தால் துளையும் சாயும். முன்னூறு, நானூறு அடி போனதும் ராடு இடிக்கும், கேசிங் இறங்காது, பின்னால் மோட்டார் சிக்கும். போர் போட்டவர் பணம் பாதாளத்தில்!

அந்த இரும்புக் காலுக்கு அடியில் அவர்கள் கனமான மரக்கட்டை போடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதில்தான் சூட்சுமம். ஆறு அங்குலச் சதுரமான இரும்புப் பாதம் என்றால் தரையைத் தொடுவது 36 சதுர அங்குலம். அதற்கு அடியில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை போட்டால் 324 சதுர அங்குலம். ஒன்பது மடங்கு! அதே பாரம் ஒன்பது பங்காகப் பிரிந்து இறங்குகிறது. மண் தாங்கும்.

மழை பெய்த செம்மண்ணில் இது ரொம்ப முக்கியம். சாயந்திரம் கல்லு மாதிரி இருக்கிற தரை, ராத்திரி ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். நிறுத்தும்போது மட்டமாக இருந்த வண்டி, விடியும்போது ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

நாகநதி மாதிரி மலையிலிருந்து வருகிற ஆறு, ஓடைகளின் மணலில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மணல் மட்டமாகத்தான் இருக்கும், வாஸ்தவம். தண்ணீர் மட்டமாக்கி வைத்த இடம் அது. அதே தண்ணீர் மலையில் மழை பெய்தால் திரும்பி வரும். இங்கே வானம் வெளுப்பாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானிலை... தவறு, வானியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. (என் அச்சுக்கோப்பு நண்பர் எப்போதும் வானிலை என்றே போட்டுவிடுவார்!) அங்கே 2.3 மீட்டர் டெலஸ்கோப்பை 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நட்சத்திரம் நகர நகர அதைப் பின்தொடருவதற்காக, அந்த டெலஸ்கோப்பின் அச்சை வேண்டுமென்றே பன்னிரண்டரை டிகிரி சாய்த்து வைத்திருக்கிறார்கள். காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே அத்தனை டிகிரி. சாய்வும் கணக்குப்படி இருந்தால் வானத்தையே பார்க்கலாம். கணக்கு இல்லாமல் சாய்ந்தால் பால் பொங்கி அடுப்பு அணையும்.

பிரிட்ஜுக்கும் மட்டம் வேண்டும்

வெளிநாட்டு மாடல் கேரவன் சிலவற்றில் காஸில் ஓடுகிற பிரிட்ஜ் இருக்கும். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்குகிற வேடிக்கை! நம் வீட்டு பிரிட்ஜ் மாதிரி அதில் கம்ப்ரசர் கிடையாது. அமோனியாவும் தண்ணீரும் கலந்த திரவம் சூடாகி மேலே போய், குளிர்ந்து, தானாகவே சரிந்து கீழே வரவேண்டும். இழுத்துத் தள்ள ஆளில்லை. பூமி இழுக்கிற இழுப்புத்தான்.

வண்டி சாய்ந்தால் திரவம் குழாயில் ஒரு பக்கம் தேங்கிவிடும். சூடாக்குகிற இடம் காய்ந்து தீயும். அப்புறம் அந்த பிரிட்ஜ் இரும்புக் கடைக்குத்தான். இந்த வகை பிரிட்ஜுகளுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்பது கம்பெனிக்காரர்கள் சொல்லும் வழக்கமான அளவு. 3 டிகிரி என்றால் எவ்வளவு? ஆறு அடி அகலத்துக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ நாலு அங்குலம் தாழ்வு. அந்தச் செம்மண் மேட்டு வேன் அதை விட அதிகமாகவே சாய்ந்திருந்தது.

அமெரிக்காவில் பெரிய வண்டிகளில் பொத்தானை அமுக்கினால் நாலு காலும் தானே இறங்கி மட்டம் பார்த்துக்கொள்கிறது. பக்கத்துக் கேரளாவில் 2021-லேயே கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தார்கள். வாகமனில் 2022-ல் கேரவன் பார்க்கும் வந்தது. மட்டமான தரை, கரண்ட் இணைப்பு, தண்ணீர், சாக்கடை எல்லாம் இருந்தால்தான் அது பார்க். நம் மலையடிவாரங்களில்? ரோட்டோரப் பள்ளம்தான் பார்க்! வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கிறவர்கள், ரசீதுப் புத்தகம் அடிக்கிற செலவில் கொஞ்சம் தரையையும் நிரவி விடலாம்.

வடகரையில் கதவடியில் பிணம்

கடைசியாகச் சொல்லுகிறேன் என்றாலும் இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

2024 டிசம்பர் 23. கேரளா, வடகரை. ரோட்டோரம் ஒரு கேரவன் நிறுத்தியிருந்தது. வெகுநேரம் கிளம்பவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு ஆண்கள் பிணம். ஒருவர் கதவுப் படி அருகே. இன்னொருவர் உள்ளே. அடி இல்லை, காயம் இல்லை. கொலையா? தற்கொலையா?

இரண்டுமில்லை! ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்துச் சொன்னது இது.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். ‘மலை ஏறி வந்த களைப்பு’ என்று நினைத்துப் படுப்பான். எழுந்திருக்க மாட்டான். சினிமா ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் வண்டியைத் தூரத்தில் நிறுத்தி ஒயர் இழுத்து வருகிறார்களே, சத்தத்துக்காக மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி மட்டமாக நிற்காவிட்டால் இங்கேயும் வம்பு உண்டு. ஒரு பக்கம் மேட்டில் ஒட்டி, புதர் மறைத்து நின்றால், சைலென்சர் வாய் மண்ணில் முட்டும். வெளியே போகவேண்டிய புகை வண்டிக்கு அடியிலேயே சுற்றும்.

சமையல் காஸ் இதற்கு நேர் எதிரி. அது காற்றை விடக் கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்துப் பக்கம் தேங்கும். பாய் விரித்துப் படுத்திருக்கிறவன் மூக்குக்கு நேரே! 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் என்ன நடந்தது? லக்னோவிலிருந்து வந்த டூரிஸ்ட் ரயில் பெட்டி, யார்டில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே காஸ் சிலிண்டரை வைத்து டீ போட்டார்கள். தீப்பிடித்தது. 9 பேர் கருகிச் செத்தார்கள். தண்டவாளத்தை விட மட்டமான இடம் உலகத்தில் உண்டா? ஆனாலும் பூட்டின பெட்டிக்குள் அடுப்பு அடுப்புத்தான்.

கணியம்பாடி ரோட்டில் பால் காய்ச்சின பாட்டியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அடுப்பைத் தூக்கச் சொல்லிவிட்டு இறங்கி, புளியமரத்தடியில் மூணு கல்லைக் கூட்டிப் பாத்திரத்தை வைத்தார். ஒரு கல் ஆடியது. கீழே கிடந்த ஓட்டாஞ்சில்லு ஒன்றை எடுத்து அடியில் செருகினார். பாத்திரத்தில் தண்ணீர் நாலு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது.

“டீ குடிச்சிட்டுப் போ கண்ணு” என்றார்.

கிளம்பும்போது டிரைவர் ஸ்டார்ட் செய்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: “டேய், கட்டைய எடுத்தியா? அந்தக் கல்லையும் ஓரமா தூக்கிப் போடுடா!”

பையன் இரண்டையும் செய்தான்.